பழைய டிஸ்கிலிருந்து ஒரு கல்யாணம்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஏழெட்டு மாதங்கள் கழிந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளினிக் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. தேக்கா சந்தைக்கு எதிர்ச்சாரியில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பல் மருத்துவக் கிளினிக்கில் நான் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். பல் வலி என்றுதான் அங்கே யாரும் கூப்பிடுவார்கள். இந்தப் பெண்மணி முதலில் என் கணவரின் பெயரைச் சொன்னார். அவருடைய எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுப்பதில்லை என்றார்.

"கேக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு நாள் இருந்தேன் தங்கச்சி. தம்பிக்கு உடம்பு முடியலன்னு தெரியும். மக கல்யாண வீடியோ, அது மட்டும் இன்னும் கைக்கு வரல."

மகளும் மருமகனும் வேலை கிடைத்து வெளிநாட்டுக்கு, பெர்த்துக்குக் குடிபோகிறார்களாம். அதற்குள் குடும்பமாக உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீடியோவாகச் செய்து தர முடியாவிட்டாலும் சரி, எடுத்தது பத்திரமாக இருக்கிறதா என்று தெரிந்தால் போதும் என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வைத்துவிட்டு அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டேன்.

என் கணவர் வார நாட்களில் மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். வாரக் கடைசியில் கல்யாண வீடியோ. சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கோயில் மண்டபங்களில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, இசை சேர்ப்பது எல்லாம் அவரேதான். சுவா சூ காங்கில் எங்கள் வீட்டின் சின்ன அறை அவருடைய கம்ப்யூட்டருக்கென்று ஒதுக்கியது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த அறைக்கு வேறு தேவையும் வரவில்லை.

ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் அவர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. மூளையின் இடப்பக்கம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வலது கை வரவேயில்லை. வலது கால் கொஞ்சம் வந்தது, நான்கு கால் ஊன்றுகோல் வைத்து நடக்கிறார். பேச்சுதான் வேறு மாதிரி ஆகிவிட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது. தான் என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிகிறது. வாயைத் திறந்தால் வேறொரு சொல் வந்து விழுகிறது. தண்ணீர் கேட்க நினைத்து ‘பஸ்’ என்பார். ‘ஆமா’, ‘இல்ல’ இரண்டும்கூட சில நேரம் இடம் மாறிவிடும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், இடது கைக் கட்டைவிரலைக் காட்டச் சொல்லிக் கொடுத்தாள். மேலே என்றால் சரி, கீழே என்றால் இல்லை. அது மட்டும் மாறுவதில்லை.

அந்த மாதங்களில் நான் ஒருமுறைகூட அழவில்லை. சொந்தக்காரர்கள் என்னைத் தைரியசாலி என்றார்கள். தைரியம் என்று எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. காலையில் அவரைக் குளிப்பாட்டி, கீழே பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தின் வேனில் ஏற்றிவிட்டு, ரயில் பிடித்து வேலைக்குப் போய், மாலையில் திரும்பி வந்து சமைப்பேன். கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, இந்த மரத்துப்போனது எப்போது போகும் என்று என்னிடம் கேட்பார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடும், அதுவரை சூடாக எதுவும் குடிக்காதீர்கள் என்பேன். தினமும் சொல்கிற வாக்கியம்தான். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதுகூட இல்லை.

அழைப்பு வந்த அன்று மாலை சின்ன அறையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காய் நறுக்கி, குழம்பு வைத்து இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் முழுத் திரையும் வந்திருந்தது. பெண் வீட்டாரின் பெயர் போட்ட ஃபோல்டர் கண்ணில் பட்டது. அதைத் திறந்ததும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல டிக், டிக் என்று விட்டு விட்டுக் கேட்டது.

கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார்.

"அடுப்பு," என்றார்.

"அணைச்சிட்டேங்க."

"அடுப்பு. அடுப்பு."

போய்ப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்தபோது அவர் சுவரில் சாய்ந்து, இடது கையால் தரையோரம் இருந்த சுவிட்சை எட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. மூடி அணைத்தேன். சத்தம் நின்றது. அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. டிஸ்க் போகப் போகிறதா என்று கேட்டேன். கட்டைவிரல் மேலே போனது.

வந்த அழைப்பைப் பற்றிச் சொன்னேன். கேமராவில் படம் பதிவாகும் அட்டைகளை அவர் எப்போதோ அழித்து வேறு கல்யாணத்துக்குப் பயன்படுத்திவிட்டார் என்பது எனக்குத் தெரியும். அப்படியென்றால் அந்தக் கல்யாணம் இருப்பது இந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

மறுநாள் மதிய இடைவேளையில் ரோச்சோர் பக்கம் கம்ப்யூட்டர் கடைகளாகவே இருக்கும் கட்டடத்துக்குப் போனேன். தேக்காவிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஒரு கடையில் என் கணவர் வயதுள்ள சீனர் ஒருவர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். போன டிஸ்கிலிருந்து தகவல் மீட்கும் இடங்கள் இருக்கின்றன, ஆனால் வாரக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள், உறுதியும் தர மாட்டார்கள் என்றார். இன்னும் சுழல்கிறது என்றால் சும்மா சும்மா போட்டுப் பார்க்க வேண்டாம், ஒரே முறையாகப் புதிய எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலாத புதுவகை டிஸ்குக்கு, மாற்றிவிடு என்றார். முழு டிஸ்கையும் அச்சு அசலாக எடுத்தால் அது குளோன். வீடியோ மட்டும் போதும் என்றால் அந்த ஃபோல்டரை மட்டும் நகலெடுக்கலாம், அது சுலபம். எது வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒரு எஸ்எஸ்டியும், அதை வெளியிலிருந்து யூஎஸ்பியில் மாட்டும் கேபிளும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அவரிடம் கேட்டேன். வீடியோவை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்றதற்குக் கட்டைவிரல் கீழே போனது. ஏன் என்று கேட்டதற்கு எழுந்து அலமாரிக்குப் போய், மேல்தட்டிலிருந்து ஒரு பழைய அட்டைப்பெட்டியை இடது கையால் இழுத்துக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். அவர் வெட்டி ஒட்டுவதற்கு வைத்திருந்த மென்பொருளின் பெட்டி. அதை விற்ற நிறுவனம் மூடிப் பல காலம் ஆகிறது என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார். இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டால் அது திறக்காது. இந்தக் கல்யாணத்தைப் பாதிவரை அதில்தான் வெட்டி வைத்திருந்தார். ஃபோல்டரை மட்டும் எடுத்தால் அந்த வேலை போய்விடும். அதை இனி யார் உட்கார்ந்து முடிக்கப் போகிறார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தோம். அவருக்கு என் பக்கத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டேன். குளோன் செய்யும் மென்பொருளை முந்தின நாளே கிளினிக் கம்ப்யூட்டரில் இறக்கி ஒரு பென்டிரைவில் கொண்டுவந்திருந்தேன். கேபிளை மாட்டினால் புதிய டிஸ்க் எங்கேயும் தெரியவில்லை. பழுது என்று நினைத்தேன். கைத்தொலைபேசியில் தேடிப் படித்தபோது, கடையிலிருந்து வரும் புதிய டிஸ்கை முதலில் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்த வேண்டும், அதுவரை அது கண்ணில் படாது என்று போட்டிருந்தது. ஒரு கட்டத்தில் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்டது. அவரைப் பார்த்தேன். ஒரு விரல் காட்டினார். முதலாவதைத் தொட்டேன். டிஸ்க் தெரிந்தது.

அடுத்தது, இடம் போதாது என்று நின்றுவிட்டது. பழைய டிஸ்க்கும் புதியதும் ஒரே அளவு என்று நினைத்துத்தான் வாங்கியிருந்தேன். உற்றுப் பார்த்தால் புதியது கொஞ்சம் சின்னது. பழைய டிஸ்கில் காலியாக இருக்கும் இடத்தைச் சுருக்கிவிட்டால் உள்ளே அடங்கிவிடும் என்று கைத்தொலைபேசியில் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டினேன். கட்டைவிரலைக் கீழே காட்டியது மட்டுமில்லாமல் அதை மேசையில் அழுத்தித் தேய்த்தார்.

"அத இப்ப அசைக்கக் கூடாதா?"

கட்டைவிரல் மேலே. அணைத்துவிட்டோம். திங்கட்கிழமை மறுபடியும் கடைக்குப் போனேன். அந்தச் சீனர் முகம் சுளிக்காமல் பெரியதாக மாற்றிக் கொடுத்தார். வீட்டில் யார் பார்த்துச் செய்கிறார்கள் என்று கேட்டார். கணவர் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வேலை ஓடத் தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு மணியோசை வந்து, புதிய டிஸ்க் துண்டித்துக்கொண்டது. மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதே மணியோசை.

"முன்னாடி," என்றார் அவர்.

"முன்னாடிதாங்க மாட்டியிருக்கேன்."

"இல்ல. முன்னாடி."

பெட்டியின் முன்பக்கத் துளையில் கேபிள் சரியாகத்தான் இருந்தது. கழற்றித் துடைத்து மாட்டினேன். பக்கத்துத் துளைக்கு மாற்றினேன். மூன்றாவது முறையும் துண்டித்தபோது அவர் மேசையை அடித்துக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். கெட்ட வார்த்தைகள் மட்டும் அவருக்குப் பிசகாமல் வரும். நான் கையை எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்றைக்கு இவ்வளவுதான், எழுந்து துணி மடிக்கலாம் என்று மட்டும் நினைத்தேன்.

அவர் நாற்காலியில் முன்னால் சரிந்து, இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பெட்டியைச் சுற்றி அதன் முதுகுப் பக்கம் கொண்டுபோய், அங்கே இருந்த துளைகளின் மேல் என் விரல்களை வைத்து அழுத்தினார்.

"முன்னாடி," என்றார். இந்த முறை மெதுவாகச் சொன்னார்.

பின்னால் மாட்டினேன். அதற்குப் பிறகு துண்டிக்கவில்லை. முன்பக்கத் துளைகளுக்கு மெல்லிய கம்பியில் மின்சாரம் போவதால் பழைய பெட்டிகளில் இப்படி ஆகுமாம், பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது மணிக்கட்டு சிவந்திருந்ததைப் பார்த்தேன். உடம்பு முடியாமல் போன பிறகு அவராக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அப்படித்தான் என்று கணக்கு வந்தது, அவ்வளவுதான். சோப்பைக் கழுவிவிட்டு அடுத்த தட்டை எடுத்தேன்.

அதற்கு முன்பே, மத்தியானம், இன்னொன்றும் நடந்திருந்தது. பச்சைக் கோடு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும் டிக் டிக் சத்தம் நெருக்கமாகி, திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு வந்தது. பழைய டிஸ்கில் இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை என்றது. மறுபடி முயலலாம், நிறுத்தலாம், அல்லது படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போகலாம். முயன்று பார்த்தேன். பலனில்லை. தாண்டினால் அந்த இடங்களில் இருந்தது வெறுமையாகத்தான் வரும், எது போகும் என்று முன்கூட்டியே தெரியாது என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். தாண்டலாமா என்று கேட்டேன். கட்டைவிரல் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. வெளியே எல்ஆர்டி ரயில் வளைவில் திரும்பிப் போனது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ?" என்றார்.

என்ன நினைக்கிறாய் என்று என்னைக் கேட்கிறார். சரியான சொல் வந்திருந்ததால் பதில் சொல்லக் கொஞ்சம் தடுமாறினேன்.

"எனக்குத் தெரியலங்க. போறது போகட்டும். மிச்சமாவது வரட்டும்."

கட்டைவிரல் மெல்ல மேலே வந்தது. தாண்டிப் போகச் சொல்லி அழுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல்வரை ஓடியது. நடுவில் ஒருமுறை நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிப்போய்விட்டது. பெட்டிக்குள் விசிறிச் சத்தம் நின்றதை அவர்தான் கவனித்து என்னைக் கூப்பிட்டார். என் பெயர் என்று நினைத்து அவர் உரக்கச் சொன்னது அவருடைய அக்காவின் பெயர். ஈரத் தலையோடு ஓடி வந்து மவுஸை அசைத்தேன். நல்லவேளை, விட்ட இடத்திலிருந்து ஓடியது. தூங்கும் அமைப்பை முதலிலேயே நிறுத்தி வைத்திருக்க வேண்டும். அன்று முழுவதும் அவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. சாப்பாட்டையும் அங்கேயே கொடுத்தேன்.

முடிந்ததும் பெட்டியைத் திறந்தோம். உள்ளே தூசி பஞ்சுபோலத் திரண்டிருந்தது. நான் திருகாணிகளைக் கழற்றினேன், அவர் என் கைத்தொலைபேசி விளக்கை இடது கையில் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் ஆடியது. பழைய டிஸ்க் செங்கல்போல் கனமாகச் சூடாக இருந்தது. அதை வாங்கி அவர் மடியில் வைத்துக்கொண்டார். எஸ்எஸ்டி சீட்டுக்கட்டு அளவுதான், பழைய டிஸ்க் இருந்த கூட்டில் அது நிற்கவில்லை. இருபுறமும் ஒட்டும் டேப் போட்டு ஒட்டி வைத்தேன். சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி மட்டும் வந்தது. தொடங்குவதற்கு எதுவும் இல்லை என்றது.

கேபிளைக் கழற்றி மாட்டினேன். எந்த டிஸ்கிலிருந்து தொடங்க வேண்டும் என்ற அமைப்பில் போய்ப் பார்த்தேன். புதிய டிஸ்கின் பெயர் அங்கே இருந்தது. இருந்தும் வரவில்லை. பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. குளோன் தொடங்கும் முன் எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று கட்டங்கள் காட்டியபோது, ஆரம்பத்தில் விரல்நுனி அளவு ஒரு சின்னப் பகுதி இருந்தது. பெயர்கூட இல்லை. வெறும் இடம் என்று நினைத்து அதை மட்டும் தேர்வு செய்யாமல் விட்டிருந்தேன். கம்ப்யூட்டர் கண் விழிக்கத் தேவையானது அதற்குள்தான் இருந்திருக்கிறது.

அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். முகத்தின் இடப்பக்கம் மட்டும் மேலே ஏறியது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுபடி முதலிலிருந்து குளோன் செய்யலாம் என்று பழைய டிஸ்கைக் கேட்டுக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. மடியிலேயே கையால் மூடிக்கொண்டார். இன்னொரு ஓட்டத்தை அது தாங்காது என்று நினைத்திருக்க வேண்டும். நான் தேடிப் படித்ததில் வேறு வழி ஒன்று இருந்தது. மறுநாள் வேலையிடத்தில் சீர்செய்யும் பென்டிரைவ் ஒன்று தயாரித்துக் கொண்டுவந்து, அதிலிருந்து தொடங்கி, புதிய டிஸ்கைத் தானாகச் சரிசெய்யச் சொன்னேன். முடியவில்லை என்று பதில் வந்தது. இரண்டாவது முறையும் அதே பதில். ஒரே தடவையில் எல்லாவற்றையும் சரிசெய்யாது, திரும்பத் திரும்பப் போடுங்கள் என்று எழுதியிருந்ததால் இன்னொரு முறை போட்டேன். இந்த முறை திரை வந்தது. வந்த வேகத்தைப் பார்த்து ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைத்தேன்.

பழைய டிஸ்கை அவர் ஒரு துணியில் சுற்றி அவருடைய சட்டைகளுக்கு அடியில் வைத்தார். வெட்டி ஒட்டும் மென்பொருள் திறந்தது. பாதி முடித்த வேலை அப்படியே இருந்தது. கல்யாண ஃபோல்டரில் முதல் படத்தைப் போட்டேன். மணமேடை, மாப்பிள்ளை வீட்டார், பூமாலைகள். உடனே மிக அருகிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணே, மாலைய கொஞ்சம் எறக்குங்க. ஆ, போதும். மாப்ள, கேமராவ பாக்காதீங்க, மாமாவ பாருங்க. சரி லா, அப்படியே இருங்க, அசையாதீங்க."

கேமராவுக்குப் பின்னால் நின்று அவர் பேசியது. எல்லாச் சொற்களும் வேண்டிய இடத்தில் வந்துகொண்டே இருந்தன. வீடியோவில் அவர் குரல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை, ஏனென்றால் வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் வீடியோவில் அது ஒருபோதும் இருந்ததில்லை. பக்கத்தில் அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, யாரோ தொலைபேசியில் சொல்வதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அவர் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

இப்போது எனக்கு அழுகை வந்துவிடும் என்று காத்திருந்தேன். திரையில் பெண்ணின் அம்மா தன் கொண்டையிலிருந்து நழுவிய மல்லிகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். தொலைபேசியில் பேசிய பெண்மணி இவர்தான் என்று தெரிந்துகொண்டேன். படம் முடிந்தது. அடுத்ததைப் போட்டேன்.

நாலைந்து படங்கள் நன்றாக வந்தன. பெரிய படம் ஒன்றில், மாலை மாற்றியதும் திரை பச்சைக் கட்டங்களாக உடைந்து உறைந்துபோனது. தாலி கட்டும் நேரம் அதற்குள் இருந்தது. தாண்டிப் போன இடம் இதுதான். எவ்வளவு முன்னும் பின்னும் நகர்த்தினாலும் பச்சைக் கட்டங்கள்தான். பெண்ணின் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் இரண்டு விரல்களைக் காட்டினார். இரண்டாவது படத்தைப் போட்டேன். இல்லை என்று கட்டைவிரல். மறுபடி இரண்டு விரல்கள். எனக்குப் புரியவில்லை. அப்போது அவர் மவுஸை எடுத்து இடது பக்கம் வைத்துக்கொண்டார். அம்புக்குறி திரையெங்கும் வழுக்கிக்கொண்டு போனது. வேண்டிய இடத்தில் நிறுத்த அவருக்கு நெடுநேரம் பிடித்தது. நான் கை கொடுக்கப் போனேன், முழங்கையால் தள்ளிவிட்டார். கடைசியில் இன்னொரு ஃபோல்டர் திறந்தது. மண்டபத்தின் கடைசியில், தூணோரம், தாங்கியில் நிறுத்திவைத்த இரண்டாவது கேமரா எடுத்தது. ஆட்களின் முதுகுகளும், நடுவில் குட்டையாகத் தெரியும் மேடையும்தான். உரக்கக் கெட்டிமேளம். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்து அட்சதை போட்டன. மாப்பிள்ளையின் கைகள் சின்னதாகத் தெரிந்தன. தெளிவாகவும் இருந்தன.

அன்றிரவே பெண்ணின் அம்மாவை அழைத்து, தாலி கட்டியது தூரத்திலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும் என்று சொன்னேன்.

"தூரமா இருந்தா என்ன தங்கச்சி, இருக்குல்ல," என்றார்.

அதன் பிறகு தினமும் வேனிலிருந்து இறங்கியதும் அவர் நேரே சின்ன அறைக்குப் போனார். சாப்பாட்டு நேரம்வரை இடது கையால் வெட்டுவார், ஒட்டுவார். முன்பு ஒரு மாலையில் முடிக்கிற வேலையை இப்போது ஒரு வாரம் வைத்துச் செய்தார். நான் சமையலுக்கு நடுவே எட்டிப் பார்ப்பேன். தன் குரல் வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து ஒலியை எடுத்துவிட்டு, அதன் மேல் நாதஸ்வரத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கல்யாணத்திலும் அப்படித்தான் செய்வார். படம் எடுப்பவனின் குரல் வீட்டுக்காரர்களின் வீடியோவில் கேட்கக் கூடாது என்பார். மாலையை இறக்கச் சொல்லும் அந்த இடம் வந்தது.

"இந்த எடத்துல மட்டும் விட்டுடுங்களேன்," என்றேன். அப்படிக் கேட்பேன் என்று நானே நினைக்கவில்லை.

"வேணாம்."

மாறி வந்த சொல்லோ என்று கையைப் பார்த்தேன். கட்டைவிரல் கீழேதான் இருந்தது. அவர் ஒலியை எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் நாதஸ்வரத்துக்கு நடுவே மௌனமாக மாலையை இறக்கினார்கள்.

வீடியோவில் வெட்டினாலும் மூலப் படங்கள் டிஸ்கில் அப்படியேதான் இருக்கும். அது எனக்குத் தெரியும். எந்தப் படம் என்பதும் தெரியும். இன்றுவரை நான் அதைத் திறக்கவில்லை.

பெண்ணின் அம்மா ஒரு மத்தியானம் கிளினிக்குக்கே வந்து பென்டிரைவை வாங்கிக்கொண்டார். வீட்டில் செய்த அதிரசம் ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் நான்தான் கையை விடுவித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் என் எண்ணுக்கு அழைத்தார். எல்லாரும் உட்கார்ந்து பார்த்துவிட்டார்களாம். தம்பியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றார். அவருக்குப் பதில் சொல்ல வராது அக்கா என்றேன். பரவாயில்லை, கேட்டால் போதும் என்றார்.

தொலைபேசியை என் கணவரின் இடது காதில் வைத்தேன். அவரே வாங்கிப் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் கேட்டார். இரண்டு மூன்று முறை "சரி" என்றார். அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. முடிந்ததும் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"என்ன சொன்னாங்க?"

வாயைத் திறந்தார். யோசித்தார். "கடை," என்றார். அது இல்லை என்று அவருக்கே தெரிந்தது, தலையை அசைத்தார். மறுபடி முயன்றார், எதுவும் வரவில்லை. இருக்கட்டும், அப்புறம் சொல்லுங்கள் என்றேன். அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குப் போனார். நான் ரைஸ் குக்கரைப் போட்டுவிட்டு, மறுநாளைக்கு அவர் உடுத்த வேண்டிய துணிகளை எடுத்து வைத்தேன்.